பன்மைக்கு ஒரு நாற்காலி

ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெர்மன் மொழித் தேர்வில் தவறிவிட்டேன் என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது, வீட்டிலிருந்த எல்லார் காதும் அந்தப் போனில் ஒட்டிக்கொண்டிருந்ததால் என்னால் எதுவும் பேச முடியவில்லை. அப்பா, "பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அத்தை பின்னாலிருந்து, "நாப்பது வயசுல பள்ளிக்கூடம் போனா இப்படித்தான்" என்று உனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். கேட்டதா? நீ கேட்காத மாதிரி, "சாப்பிட்டீங்களா" என்று விசாரித்தாய். அதனால் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனிமேல் முக்கியமான விஷயத்தையெல்லாம் கடிதத்தில் பேசலாம். இந்த வருடம் எங்கள் பள்ளியில் ஜெர்மன் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டேன். உனக்கு எதில் மதிப்பெண் போனது என்று கேட்டதற்கு, "அந்தச் சொல்லுக்குப் பின்னால வால் வருமே, அதுதான்" என்றாய் அல்லவா? மிஸ்ஸிடம் சொன்னேன். "பாதிப் பேர் விழற குழி அது. பெயரடை விகுதி" என்றார். ஆகவே அம்மா, உனக்கு நான் சொல்லித்தரப் போகிறேன். சிரிக்காதே.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். அவர்களுக்கு நாற்காலி ஆண். விளக்கு பெண். அறை இரண்டும் இல்லை. (சிறுமி என்ற சொல்லும் இரண்டும் இல்லையாம்! மிஸ் சொன்னதும் வகுப்பே சிரித்தது.) 'டேர்', அதாவது 'அந்த', என்று முன்னால் போட்டாலே நாற்காலி ஆண் என்பது தெரிந்துவிடும். அதனால் 'பழைய' என்ற சொல் சின்ன வாலோடு சும்மா இருக்கலாம்: டேர் ஆல்ட்டெ ஷ்டூல். ஆனால் 'ஐன்', அதாவது 'ஒரு', என்று போட்டால் அது எதையும் காட்டிக்கொடுக்காது. அந்த வேலையைப் பெயரடை தன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஐன் ஆல்ட்டர் ஷ்டூல். ஒரு வீட்டில் ஒருத்தர் சோம்பேறியாக இருந்தால் பக்கத்திலிருப்பவர் சேர்த்துச் சுமப்பது போல. இந்த உதாரணம் என்னுடையது. மிஸ் நன்றாக இருக்கிறது என்றார்.

வீடு முழுக்க ஜெர்மனிலும் தமிழிலும் எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அத்தை உட்காரும் நாற்காலியின் முதுகில் 'பழைய நாற்காலி' என்று ஒட்டியதும், "பழசுன்னா நாற்காலியா, நானாடி?" என்று சண்டைக்கு வந்தாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு கடிதத்திலும் பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, கற்பனையும் கூடாது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுது. அப்போதுதான் மனதில் நிற்கும். நான் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன்.

நீ தேறினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் எங்களைக் கூப்பிடலாம். விமானநிலையத்தில் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. என் மேசையை எந்த ஜன்னல் பக்கம் போடுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். ஜன்னல் எப்படியிருக்கும் என்றுதான் தெரியாது. அதையும் எழுது.

உன்
வாத்தியாரம்மா


ஜூலை 9

என் கண்ணான வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பேருந்தில் படித்தேன். அத்தையின் நாற்காலி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்திலிருந்த பெண்மணி நகர்ந்து உட்கார்ந்தாள். இங்கே பேருந்தில் யாரும் சிரிப்பதில்லை.

நீ சொன்ன உதாரணம் நன்றாகப் புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது.

முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். மாத்திரை கொடுக்கும்போது நான் சொல்லின் வாலை முழுங்கிவிட்டால் அவர் மாத்திரையை முழுங்க மாட்டார். "திரும்பச் சொல்லு" என்று விரலை ஆட்டுவார். சரியாகச் சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பார். ஆக எனக்கு இங்கே ஒரு வாத்தியார், அங்கே ஒரு வாத்தியாரம்மா.

பத்து வாக்கியம் தனித்தாளில் இருக்கிறது. நீ சொன்னபடி கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுதினேன். ஒரு சின்ன அறை. ஒரு குறுகலான கட்டில். ஒரு நீலக் கோப்பை. ஒரு பழைய நாற்காலி. விடுதி அறை, வேறென்ன இருக்கும்? ஜன்னல் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. உன் மேசைக்கு ஆகாது.

உன் கையெழுத்து பெரிய மனுஷிக் கையெழுத்தாகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. தலை ஈரத்தோடு படுக்காதே.

உன்
மக்கு மாணவி


ஜூலை 30

அன்புள்ள மக்கு மாணவிக்கு,

பத்துக்கு ஆறு! அறை இரண்டும் இல்லாத சாதி என்பதை மறந்துவிட்டாய். 'ஒரு சின்ன' என்பது 'ஐன் க்ளைனெஸ்' என்று வர வேண்டும். அந்த 'ஸ்' எங்கே போனது? தபால்காரத் தாத்தா முழுங்கிவிட்டாரா? ஆனால் நாற்காலி சரி. கோப்பை சரி. கட்டிலுக்கு அரை மதிப்பெண் கூடக் கொடுத்திருக்கிறேன், அத்தையிடம் சொல்லாதே.

ஒரு குறை. உன் அறையில் எல்லாம் ஒன்று ஒன்றாகவே இருக்கிறதே அம்மா! இப்படி இருந்தால் பன்மையை எப்படிச் சொல்லித்தருவது? பன்மை தனிக்கதை. குறைந்தது இரண்டாக இருக்கும் ஏதாவது பொருள் வேண்டும். தேடிப் பார்.

இங்கே எல்லாரும் நலம். காலையில் அப்பாவுக்கு டீ இப்போது நான்தான் போடுகிறேன். முதல் வாரம், "என்னம்மா, வெந்நீரா இது?" என்றவர் இப்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் குடிக்கிறார். அப்படியென்றால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் மாலையில் பாத்திரமும் எனக்கு. பாத்திரம் கழுவும்போது சாய்த்து வைக்கத் தோதான இடம் கண்டுபிடித்துவிட்டேன், குழாய்க்குப் பின்னால். புத்தகம் நனையாது.

நீயும் அந்த இடத்தில் ஏதாவது வைத்திருந்தாயா? சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்டில் தேர்வு. நன்றாக எழுது. அன்று நான் வகுப்பில் பேனாவைக் கீழே வைக்காமல் இருப்பேன்.

உன்
வாத்தியாரம்மா


செப்டம்பர் 17

என் கண்ணுக்கு,

போனில் சொன்னதுதான். இந்தத் தடவையும் சரியாக வரவில்லை. நீ வருத்தப்படாதே. உன் மேல் ஒரு குறையும் இல்லை.

அந்த ஆணி கைக்கடிகாரம் மாட்ட நான் அடித்தது. தண்ணீர் படாமல் இருக்க.

ஒரு நல்ல செய்தி. விடுதியைவிட்டு வந்துவிட்டேன். இல்லத்துப் பணியாளர்களுக்கான குடியிருப்பில் நாலாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை. சமையலறை தனி. கதவுக்கு உள்பக்கம் சாவி. இங்கே இப்போது இருட்ட நேரமாகிறது. வேலை முடிந்து வந்து, கதவைப் பூட்டி, கோட்டைக் கழற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். மேலே யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வாக்கியங்கள் வைத்திருக்கிறேன். ஒரு பெரிய ஜன்னல். ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு புது நாற்காலி. அது நானே கடையில் போய், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து வாங்கியது. கை வைத்த நாற்காலி. பன்மைக்கு என் கறுப்புக் காலணிகள்தான் கிடைத்தன.

உன்
மக்கு மாணவி


அக்டோபர் 5

அன்புள்ள அம்மா,

பத்துக்கு ஒன்பதரை! காலணிக்கு மட்டும் அரை குறைத்தேன். 'இரண்டு' என்று எண்ணிச் சொன்னால் ஒரு வால், 'அந்த' என்று சுட்டிச் சொன்னால் வேறு வால். நிஜமாகவே இப்படி எழுதுகிறவளையா தவறவிட்டார்கள்? மிஸ்ஸிடம் உன் தாளைக் காட்டினேன். "அன்னைக்கு உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றார். காய்ச்சலா? என்னிடம் மறைக்காதே.

இரண்டு அறை! இரண்டு அறை!! அந்த இன்னொரு அறையில் என்ன இருக்கிறது? அதுதானே எனக்கும் அத்தைக்கும்? அடுத்த பத்து வாக்கியமும் அந்த அறையைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இது வாத்தியாரம்மா உத்தரவு. பிறகு இன்னொரு நாற்காலி வாங்கு. நான் வந்தால் உட்கார வேண்டாமா? பன்மைக்கும் ஆயிற்று. கை வைத்ததாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் சாப்பிடும்போது அத்தை, "ஒரு தடவை தவறலாம், ரெண்டு தடவையுமா? அண்ணி மண்டையில களிமண்ணுதான்" என்றாள். அப்பா சிரித்தார். பெரிதாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நாள் முழுக்க நின்னு வேலை செஞ்சுட்டு வந்து படிக்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு வரி சொல்லுங்க பாப்போம்!" என்று கத்திவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டேன். அப்பாவிடம் இதுவரை நான் குரலை உயர்த்தியதே இல்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. இருந்தாலும் மறுபடியும் சொன்னால் மறுபடியும் கத்துவேன்.

அடுத்த வருடத்துக்கு என்னை நூலகத் தலைவியாகப் போடுவதாக இருந்தார்கள். சாவி நம் கையில் இருக்கும், புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவது நம் வேலை, முதலில் படிப்பதும் நாம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டது உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேனே! முன்வரிசையில் உட்காருகிறவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் புத்தகத்தின் ஓரத்தை மடிப்பவள். போகட்டும்.

உன்
வாத்தியாரம்மா


டிசம்பர் 2

அன்புக் கண்ணுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். குளிர் வந்தால் இல்லத்தில் வேலை கூடிவிடுகிறது. தபால்காரத் தாத்தா போன வாரம் தவறிப்போனார். அவர் அறையை நான்தான் ஒழித்தேன்.

எனக்காக நீ அப்பாவோடு சண்டை போட வேண்டாம். நூலக விஷயத்தில் ஏன் அவசரப்பட்டாய்? திரும்பக் கேட்டுப் பார்க்க முடியாதா?

தேர்வு பற்றிக் கவலைப்படாதே. அது நடக்கும்போது நடக்கும்.

அந்த அறையைப் பற்றிக் கேட்டாயே. வாக்கியங்கள் இருக்கின்றன. பத்து வரவில்லை, நாலுதான் வந்தது. ஒரு காலி அறை. வெள்ளைச் சுவர்கள். ஒரு சுத்தமான தரை. ஒரு மூடிய கதவு.

அம்மா


ஜனவரி 11

அம்மா,

உன் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்யும் அக்கா விடுமுறைக்கு வந்திருக்கிறார். நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரையும் பேனாக்களையும் நேற்று வீட்டுக்கு வந்து கொடுத்தார். நல்லவர். நிறையப் பேசுகிறார். அப்பா கடையில் இருந்தார். அத்தை உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

சுவரில் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஓ, நீதான் அந்த டீச்சரா? உங்கம்மா உன்னைப் பத்திப் பெருமையா சொல்லுவாங்க. ஆகஸ்ட்ல எங்க செட்டுலயே அவங்கதானே நல்ல மார்க். கேக் வெட்டினோம். நான்தான் இன்னும் முட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அத்தை டீயோடு வந்து, "என்ன கேக்கு?" என்றாள். "இவங்களுக்குப் பிறந்தநாளாம்" என்று சொன்னேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் டீ நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் போனபிறகு உன் வாக்கியத் தாள்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். அம்மா, நான் இத்தனை நாளும் வால்களை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டில். ஒரு கோப்பை. ஒரு நாற்காலி. 'மூடிய' என்ற சொல்லுக்கு வால் சரியாக இருக்கிறது என்று பக்கத்தில் பெரிய சிவப்பு டிக் போட்டிருக்கிறேன். கதவு மூடியிருப்பதை நான் கவனிக்கவே இல்லை.

தேர்வில் தேறி, வேலை நிரந்தரமாகி, அதனால்தான் அந்த வீடு கிடைத்தது. இல்லையா? செப்டம்பரிலேயே நீ எங்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஏன் அம்மா? வேறு யாராவது இருக்கிறார்களா என்றுகூட யோசித்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கோப்பை ஒன்றுதான் இருக்கிறது. அப்படியானால் யாருமே இல்லை. யாரும் இல்லாமல் இருப்பதற்காகவா எங்களைக் கூப்பிடவில்லை?

அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. இன்னொரு நாற்காலி வாங்குவாயா, மாட்டாயா? அதற்கு மட்டும் பதில் போதும்.

உன் மகள்


பிப்ரவரி 3

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். போனில் உன் குரல் சாதாரணமாக இருந்தது. இந்த வயதில் உனக்கு இவ்வளவு அடக்கத் தெரிந்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. அது நல்லதில்லை. எனக்குத் தெரியும்.

நான் பொய் சொன்னேன். ஆகஸ்டிலேயே தேறிவிட்டேன். உன்னால்தான் தேறினேன். அன்றே போனில் சொல்லத்தான் எண்ணைப் போட்டேன். அத்தைதான் எடுத்தாள். "என்ன, இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதுதான் நிஜம். அதற்குப் பிறகு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறந்த வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். அங்கிருந்து நேராக உங்கள் வீடு. குளியலறையைத் தவிர வேறெந்தக் கதவையும் நான் உள்ளிருந்து பூட்டியதில்லை. அங்கேயும் யாராவது தட்டுவார்கள். நம் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பார். எதிலாவது நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அப்பா கெட்டவரில்லை. அத்தையும் கெட்டவளில்லை. வந்தால் இருவரும்தான் வருவார்கள். வந்த மறுநாளே அந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே நான் டீ போட்டுக்கொண்டு நிற்பேன்.

உன்னை மட்டும் கூப்பிடலாமே என்று கேட்பாய். யோசிக்காமல் இல்லை. அப்பா விட மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை.

வாக்கியங்களை ஏன் தொடர்ந்து அனுப்பினேன் என்றால், அதை நிறுத்தினால் உன் சிவப்பு மை வராது. அது எனக்கு வேண்டியிருந்தது.

உன்மேல் பாசமில்லை என்று நினைத்துவிடாதே. இன்னும் ஒரு வருடம் கொடு. நாற்காலியைப் பற்றி இப்போது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. பழக்கத்தில் பத்து வாக்கியம் எழுதிவிட்டேன், வைத்திருக்கிறேன்.

உன்
மக்கு மாணவி


மார்ச் 8

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம்.

வாக்கியங்களைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இனி என்னிடம் நீங்கள் கற்க வேண்டியதும் இல்லை. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நாற்காலிகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. நீங்கள் சொன்னது சரிதான், நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை மாதங்களாக நானும் உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். குழாய்க்குப் பின்னால் புத்தகத்தைச் சாய்த்து நின்றுகொண்டே படித்திருக்கிறேன். அந்த ஆணியில் இப்போது என் கைக்கடிகாரம் தொங்குகிறது. சுமக்கிற ஆள் எழுந்து போனால் சுமை எங்கே போகும் என்று நீங்கள் யோசிக்கவில்லையா? அந்த உதாரணத்தை உங்களுக்கு எழுதியதே நான்தான். அப்போது எனக்கே புரியவில்லை.

கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுதச் சொன்னேன். நீங்கள் நல்ல மாணவி. பயிற்சித் தாளில் ஒரு பொய்கூட எழுதவில்லை. பொய்யெல்லாம் எனக்கு எழுதிய கடிதத்தில்தான்.

சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். சில இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அத்தை நாற்காலியில் இருந்ததை மட்டும் எடுக்கவில்லை, அவளுக்கு இப்போது அது பிடித்துப்போய்விட்டது.

நீங்கள் பயப்பட வேண்டாம். போன ஞாயிறு நீங்கள் போனை வைத்த பிறகு அப்பா தேர்வு பற்றி என்னிடம் கேட்டார். இந்தத் தடவையும் தவறிவிட்டது என்று நானே சொல்லிவிட்டேன். அத்தை களிமண் என்றாள். அப்பா மூக்கால் சிரித்தார்.

இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் மகள்


மே 20

என் கண்ணுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கும். இல்லாவிட்டால் அப்போது உனக்குத் தேர்வு நேரமாக இருந்திருக்கும். போனில் கேட்டால் குளிக்கிறாள், படிக்கிறாள், தூங்குகிறாள் என்கிறார்கள்.

போன கடிதம் கிடைக்காமல் போயிருக்குமோ என்று மறுபடி எழுதுகிறேன். நாற்காலி வாங்கிவிட்டேன். கை வைத்ததுதான், முதல் நாற்காலி மாதிரியே. அந்த அறையின் ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறது. உன் மேசைக்கு ஆகும். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். உன்னை மட்டும் கூப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்கப் போகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் இந்த ஞாயிறே கேட்பேன்.

இரண்டு நாற்காலிகளை வைத்துப் பத்து வாக்கியம் எழுதியிருக்கிறேன். ஏழும் எட்டும் சந்தேகமாக இருக்கிறது. திருத்தி அனுப்பு. சிவப்பு மை தீர்ந்திருந்தால் எந்த மையானாலும் பரவாயில்லை.

புது நாற்காலியில் இப்போதைக்குத் துணி மடித்து வைக்கிறேன்.

உன்
மக்கு மாணவி